கியர் சைக்கிள் தேவையா?

"எனக்கு கியர் சைக்கிள்தான் வேண்டும், அப்பா!"

சேலம், நாமக்கல் பக்கத்தில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது.

கியர் இருந்தால் வேகம் என்பது பையனின் ஆசை. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்பது தகப்பனாரின் கணக்கு.

அந்தக் கணக்கு சரியா? சரி அல்ல.

கியர் மாற்றி

கியர் சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரிதும் சிறிதுமாகப் பல பல்சக்கரங்கள் உண்டு. செயினை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ள, அருகே ஒரு சிறு கருவி தொங்குகிறது. அதுதான் கியர் மாற்றி.

அது நல்லதாக இருந்தால், செயின் பல்லின் மேல் நேராக உட்காரும்.

மட்டமான கருவியில் மூட்டு சீக்கிரம் ஆடும். ஸ்பிரிங் தளரும். செயின் பக்கத்துச் சக்கரத்தில் உரசும், மிதிக்கும்போது நழுவும்.

பையன் சலித்துப்போய் ஒரே கியரில் ஓட்டுவான். அந்த ஒரு பல்சக்கரமே எல்லாப் பாரத்தையும் தாங்கித் தேயும்.

புழுதி

ஆனால், முழுப் பழியையும் கியர் மாற்றி மேல் போடக்கூடாது. பெரிய எதிரி புழுதி.

எண்ணெயில் ஒட்டிய மண், செயின் கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணிகளை அரம் போல அராவுகிறது. ஆணி தேய்ந்தால் செயின் நீளும். நீண்ட செயின் பல்லைத் தின்னும்.

சாதாரண சைக்கிள் பலவற்றில் செயினை மூட ஒரு தகடு உண்டு. கியர் சைக்கிளின் செயின் பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது.

மலைக்குத்தான் கியர்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடும் செங்குத்தான ஏற்றம். அங்கே கியர் வேண்டும். அதுவும் நல்ல கியர்.

ராசிபுரத்தில் சமவெளிச் சாலையில் பள்ளிக்கூடம் போக அது எதற்கு? அரசு மாணவ மாணவிகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிளில் கியர் கிடையாது. அதில் போய்த்தானே பிள்ளைகள் படிக்கிறார்கள்!

ஸ்கேல் போதும்

ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வது?

செயினைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். மிஞ்சிய எண்ணெயைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

பிறகு, அங்குலம் போட்ட ஸ்கேலால் செயினை அளக்க வேண்டும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அதற்கு மேல் ஓர் அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்ற வேண்டும். 8-ல் ஒரு பங்கு கூடும்வரை விட்டால், பல்சக்கரத்துக்கும் சேர்த்துப் பணம் அழ வேண்டியிருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் நல்ல கியர் வாங்கட்டும். பணம் இல்லையென்றால் கியர் இல்லாததையே வாங்கட்டும்.

பரீட்சை நாளில் நடுவழியில் செயின் நழுவினால், மலிவாக வாங்கியது மலிவாகுமா?