சிங்கப்பூராக வேண்டுமா?

"சிங்கப்பூராக ஆக்குவோம்" என்பது எங்கள் தேர்தல் மேடைகளில் பழகிப்போன வாக்குறுதி. வீட்டுப் பெரியவர்களும் அந்த நகரத்தின் சுத்தத்தையே சொல்வார்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. அங்கு பெரும்பாலானோர் வசிப்பது அரசு கட்டிய தொடர்மாடிகளில். ஒவ்வொரு தொடர்மாடியிலும் எந்த இனத்தவர் எத்தனை வீதம் இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பு உண்டு. சீனரும் மலாயரும் இந்தியரும் ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறார்கள். எங்கள் ஊர்களிலோ இனத்துக்கொரு தெரு!

ஆனால் அதே அரசு, தன் வைத்தியசாலைகளில் முஸ்லிம் தாதியர் சீருடையோடு பர்தா அணிய 2021 இல்தான் அனுமதித்தது. அரசாங்கப் பாடசாலை மாணவியருக்கு இன்னும் அனுமதியில்லை. சீருடை எல்லோரையும் சமமாக்குமாம். அயலவரைக் கலந்து வாழவைக்கத் தெரிந்த அரசுக்கு, வகுப்பறையில் ஒரு பர்தா ஏன் இடைஞ்சல்? இங்கு இலவசச் சீருடைத் துணியோடு பர்தாவுக்கும் அரசே துணி தருகிறது. இந்த ஒரு விடயத்தில் சிங்கப்பூர் எங்களைப் பார்க்கட்டும்.