வாடகைக்கு ஒரு வீடு



பஞ்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், சில நாட்களுக்கு முன் தம் மனைவியாருடன் என்னைக் காண வந்தார். சேமநிதியிலும் பணிக்கொடையிலும், மகள் திருமணச் செலவு போக, 25 இலட்சம் ரூபாய் அவர் கையில் எஞ்சியிருந்தது. மாத ஓய்வூதியமோ சொற்பம். பாளையங்கோட்டையில் 40 இலட்சத்துக்கு ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றும், குறைகின்ற தொகைக்கு மகன் பெயரில் வங்கிக் கடன் பெறலாம் என்றும், மாதம் 12,000 ரூபாய் வாடகை உறுதி என்றும் ஆர்வத்தோடு சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டுமாம்.

"மண்ணில் போட்ட பணம் எங்கே போய்விடும், அண்ணாச்சி?" என்று கேட்டார். மனைவியார் ஒன்றும் பேசவில்லை.

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. ஓய்வுபெறும் வயதை நெருங்கும் நம் குடும்பங்கள் பலவற்றிலும் எழுவதே. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று எச்சரித்த நம் முன்னோர், வாடகைக்கு விட்டுப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஆகவே ஒரு தாளை எடுத்து இருவருமாகக் கணக்குப் போட்டோம்.

வீட்டின் விலை 40 இலட்சம். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7 வீதம் 2,80,000 ரூபாய். அதன்மேல் பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதும் கூலி, தரகு, குடிவைப்பதற்கு முன் செய்யவேண்டிய பழுதுகள். எல்லாம் சேர்ந்து 45 இலட்சம் என்று கொண்டோம். ஆண்டு வாடகை 1,44,000. ஒருவர் காலி செய்து மற்றொருவர் வருவதற்குள் ஆண்டுக்கு ஒரு மாதமேனும் வீடு பூட்டிக் கிடக்கலாம். அதற்கு 12,000 கழித்தோம். சொத்து வரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் 6,000. வெள்ளையடித்தல், மோட்டார் பழுது, மாடித் தளத்தில் நீர்க்கசிவு ஆகியவற்றுக்குச் சராசரியாக 14,000. மிச்சம் 1,12,000 ரூபாய். அதாவது, போட்ட முதலுக்கு நூற்றுக்கு இரண்டரை ரூபாய்தான்!

கடனையும் பார்த்தோம். 20 இலட்சத்தை நூற்றுக்கு 9 வட்டியில் 20 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 18,000 ரூபாய். வாடகை முழுவதையும் கொடுத்தாலும் மகன் தன் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் 6,000 போடவேண்டும். தந்தைக்கோ ஒரு காசும் வராது.

அதே 25 இலட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டால் என்ன வரும்? 2023 ஏப்ரல் முதல் இத்திட்டத்தில் ஒருவர் 30 இலட்சம் வரை இடலாம். 2024-ஆம் ஆண்டில் வட்டி 8.2. அக்கணக்குப்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை 51,250 ரூபாய் கைக்கு வரும். சேர்ந்த நாளில் உள்ள விகிதம் ஐந்தாண்டு முடியும்வரை மாறாது.

எனினும் வீட்டின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விலைவாசி ஏறும்போது வாடகையும் ஏறும். வட்டித் தொகையோ அப்படியே நிற்கும். நிலத்தின் மதிப்பும் உயரக்கூடும். வருமான வரியில், வாடகையிலிருந்து சொத்து வரி போக எஞ்சியதில் நூற்றுக்கு 30 கழிவு உண்டு. அஞ்சலக வட்டிக்கு அந்த நூற்றுக்கு 30 கழிவு இல்லை. நீண்ட காலம் காத்திருக்க வல்லவருக்கு வீடு நன்மையே.

"அப்படியானால் வாங்கலாம் என்கிறீர்களா?" என்றார் நண்பர்.

அப்போதுதான் அம்மையார் வாய் திறந்தார். "அண்ணாச்சி, இவுகளுக்கு நாளைக்கு நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால், வீட்டுச் சுவரில் ரெண்டு செங்கல்லைப் பிடுங்கியா விற்க முடியும்?"

நண்பர் தலை குனிந்தார். நாங்கள் போட்ட கணக்கு அனைத்தையும்விட அந்த ஒரு கேள்வி கனமானது. வீட்டை முழுதாகத்தான் விற்கலாம். அதற்கும் மாதங்கள் ஆகும். அவசரத்தில் விற்பவனுக்கு நல்ல விலையும் கிடைக்காது.

இன்னொன்றும் எனக்கு நினைவுக்கு வந்தது. என் சிறுவயதில் நாங்கள் வாடகை வீட்டில் குடியிருந்தோம். தந்தை இறந்த ஆண்டு மூன்று மாத வாடகை கொடுக்க இயலவில்லை. வீட்டுக்காரப் பாட்டி ஒருநாளும் வாசலில் வந்து நின்று கேட்கவில்லை. "முதலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும்" என்று மட்டும் சொல்லியனுப்பினார். அவர் நல்லவர் என்பது மட்டுமே இதற்குக் காரணமன்று. எங்கள் வாடகையை நம்பி அவர் வீட்டில் உலை ஏறவில்லை என்பதும் காரணம். வங்கித் தவணைக்காக மாதத்தின் முதல் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர், எவ்வளவு நல்லவரானாலும், அவ்வாறு பொறுத்திருத்தல் அரிது. கடனில் வாங்கிய வீடு சில சமயம் நம் நெஞ்சையும் கல்லாக்கிவிடுகிறது.

ஆகவே வாசகர்களே, வாடகைக்கென வீடு வாங்க எண்ணுவோர் முதலில் மூன்று கேள்விகளைத் தம்மையே கேட்டுக்கொள்வது நலம். மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் தனியே பணம் இருக்கிறதா? ஆறு மாதம் வாடகை வராவிட்டாலும் நம் குடும்பம் தடுமாறாமல் நிற்குமா? குழாய் உடைந்தது என்று இரவில் அழைப்பு வந்தால் போய்ப் பார்க்க உடலில் வலுவும் மனத்தில் பொறுமையும் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

வாங்குமுன் மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், பட்டா, கட்டட அனுமதி ஆகியவற்றை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். குடிவைக்கும்போது வாய்ப்பேச்சோடு நின்றுவிடாதீர்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-இல் இயற்றப்பெற்ற புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்யவேண்டும். வேறுவிதமாக இருவரும் ஒப்பினாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகையை மிஞ்சலாகாது.

வெள்ளிக்கிழமை வந்தது. நண்பர் முன்பணம் கொடுக்கவில்லை. அஞ்சலகத்தில் 20 இலட்சம் இட்டு, எஞ்சிய 5 இலட்சத்தை அவசரத்துக்கென வங்கியில் வைத்துவிட்டார். வீட்டு ஆசை அவரை விட்டு அகலவில்லை. மகன் தன் சேமிப்பைப் பெருக்கிய பின், தாம் குடியிருக்கும் வீட்டின்மேலேயே ஒரு மாடி எழுப்பலாம் என்று இப்போது திட்டமிடுகிறார். நிலத்துக்குத் தனியே விலை இல்லை, கிரயப் பத்திரச் செலவும் இல்லை, குடியிருப்போர் கண்ணெதிரே இருப்பர் என்பது அவர் வாதம். அதுவும் நல்ல யோசனையே.

சென்ற வாரம் அம்மையாரைக் கடைத்தெருவில் கண்டேன். "இப்போதுதான் இவுக ராத்திரி நிம்மதியாகத் தூங்குறாக, அண்ணாச்சி" என்றார்.