மரம் அறுக்கிற மிஷினில் முதலில் கழட்டப்படும் பாகம்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. தோப்பு, சவுக்கு வயல் வைத்திருப்பவர்கள், வீட்டு வாசலில் ஒரு வேப்பமரமாவது வைத்திருப்பவர்கள் கடைசி வரை படிங்க. உங்க வீட்டில் யாராவது மிஷின் பிடிக்கிறவர் இருந்தால் அவருக்குக் கட்டாயம் அனுப்புங்க.

போன மாசம் ஒரு மதியம். நாற்பது வயது இருக்கும், ஒரு அண்ணனை டாடா ஏஸில் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். இடது தோளில் துண்டு சுத்தியிருந்தது. பிரித்தால் உள்ளே முழுக்க காப்பித்தூள். கழுவி எடுத்துப் பார்த்தால் காறை எலும்பு தெரிகிறது. இன்னும் ரெண்டு இன்ச் மேலே ஏறியிருந்தால் கழுத்தின் பெரிய ரத்தக்குழாய். அப்படி நடந்திருந்தால் கேஷுவால்டிக்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

விழுந்து கிடந்த வேப்பமரத்தில் கிளை கழித்துக்கொண்டிருந்திருக்கிறார். மிஷினின் மூக்கு, பின்னால் மறைந்திருந்த இன்னொரு கிளையில் பட்டிருக்கிறது. "தூக்கி அடிச்சிருச்சு சார்" என்றார். இதை கிக்பேக் என்று சொல்வார்கள். பார் நுனியின் மேல்பக்கத்தில் ஓடும் பல் எதிலாவது சிக்கினால் செயின் அந்த இடத்தில் திணறும். அதுவரை செயினை ஓட்டிய மொத்த வேகமும் பாரையே மேலே தூக்கி, பிடித்திருக்கிற ஆள் மேல் எறியும். முழு ஆக்ஸிலரேட்டரில் செயின் ஒரு நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. மனுஷன் சுதாரித்து விலக அங்கே நேரமே கிடையாது.

மனுஷனால் முடியாது என்பதால்தான் செயின் பிரேக் வந்தது. முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தகடு நிற்குமே, ஹேண்ட் கார்டு, அதுதான் பிரேக்கின் லீவர். மிஷின் தூக்கி அடிக்கும்போது மணிக்கட்டு அதில் பட்டால் செயின் நின்றுவிடும். நல்ல மிஷின்களில் கை படாமலே, அந்தக் குலுக்கலிலேயே பிரேக் விழும். 1970களின் தொடக்கத்திலேயே ஸ்டில், ஹஸ்க்வார்னா கம்பெனிகள் இதைக் கொண்டுவந்துவிட்டன. ஐம்பது வருஷப் பழைய சமாச்சாரம்.

அண்ணனின் மிஷினில் அது இல்லை. "அது அடிக்கடி லாக் ஆவுது, வேலை கெடுதுன்னு கழட்டி வச்சிருக்கோம் சார்." வந்திருந்த மூணு பேரிடமும் கேட்டேன். மூணு பேர் மிஷினிலும் இல்லை!

அதற்குப் பிறகுதான் ஆர்வக்கோளாறில் இதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். கஜா புயல் (நவம்பர் 2018) நேரத்தில் டெல்டாவில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஊர் ஊராக விழுந்து கிடந்த தென்னையை அறுக்க எவ்வளவு மிஷின் வந்து இறங்கியது என்று. அன்றைக்கு வாங்கியவர்கள் பலருக்கு இன்றைக்கு அதுதான் தொழில். கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்ததுதான் படிப்பு.

மிஷின் எடுக்கும்போதே தப்பு தொடங்குகிறது. எல்லாரும் சிசி பார்த்து வாங்குகிறார்கள். ஆன்லைனில் சல்லிசாக வரும் 58 சிசி மிஷினில் 22 இன்ச் பார் மாட்டித் தருகிறார்கள். தொழில்முறை மிஷின் ஒன்று அதே 60 சிசியில் ஏறக்குறைய 3.5 கிலோவாட் சக்தி தரும். சல்லிசு மிஷின்களில் பெரும்பாலும் அதில் மூணில் ரெண்டு பங்குதான். அந்த சக்திக்கு 22 இன்ச் அதிகம். செயின் திணறும், ஆள் உடம்பு பலத்தை வைத்து அழுத்துவார், அழுத்தும்போது வழுக்கும். நம்ம ஊர் தென்னை, வேம்புக்கு 18 இன்ச் பாரே முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடும். வாங்குகிற அன்றே கடையில் செயினை ஓடவிட்டு பிரேக்கைத் தள்ளி, டக்கென்று நிற்கிறதா என்று பாருங்க. நிற்கவில்லை என்றால் என்ன பிராண்டாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்து "ஆல்ட்டர்" பண்ணுவது. சைலன்சரில் ஓட்டை போட்டால் பவர் ஏறும் என்கிறார்கள். கொஞ்சம் ஏறும், உண்மைதான். கூடவே கார்பரேட்டர் சரிபண்ணவில்லை என்றால் பிஸ்டன் சூடாகி சீஸ் ஆகும். என் கவலை காது. ஓட்டை போடாமலே இந்த மிஷின் 110 டெசிபெல் பக்கம் கத்தும். 100 டெசிபெல்லுக்கே ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்காவின் நியாஷ் அமைப்பு சொல்கிறது. 110க்கு ரெண்டு நிமிஷம்கூட இல்லை. இவர்கள் ஓட்டுவது ஆறு மணி நேரம். என்னிடம் பேசும்போது அந்த அண்ணன் ஏன் கத்திக் கத்திப் பேசினார் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று, ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் சின்னதாக ஒரு திமில் மாதிரி இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று முடிவு பண்ணுவது அதுதான். பல்லைவிட சுமார் 0.65 மில்லிமீட்டர்தான் தாழ்வாக இருக்கவேண்டும். சீக்கிரம் அறுக்கட்டும் என்று அதை அரத்தால் ராவி எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் பல் கட்டையை சீவாது, கவ்விப் பிடிக்கும். கிக்பேக்கை காசில்லாமல் வரவழைக்கிற வழி.

இதெல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்துவது, நாலு இன்ச் கிரைண்டரில் மாட்டுகிற செயின் சா அட்டாச்மென்ட். சில நூறு ரூபாய்க்கு கிடைக்கிறது. நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துகிற கிரைண்டர். பிரேக் கிடையாது, கிளட்ச் கிடையாது. இதை வீட்டில் வைத்திருந்தால் தயவுசெய்து தூக்கி எறிங்க. விற்கக்கூட வேண்டாம்.

இந்தக் காயம் அரிவாள் வெட்டு மாதிரி கோடாக இருக்காது. 7-8 மில்லிமீட்டர் அகலத்துக்கு சதையையே எடுத்துவிடும். சேர்த்துத் தைக்க ஓரம் இருக்காது. உள்ளே மரத்தூள், செயினுக்கு ஊத்துகிற வேஸ்ட் ஆயில், அதோடு நம்ம காப்பித்தூள். அந்தத் தோளைக் கழுவவே எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. அடிபட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிங்க, விடாமல் அழுத்துங்க, 108ஐக் கூப்பிடுங்க. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுத்தி, பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்து வாங்க. ஐஸில் நேரடியாகப் போட்டால் ஒட்டவைக்க முடியாது. டிடி ஊசி மறக்காதீங்க.

"நாங்க இருபது வருஷமா ஓட்டுறோம், எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். ஃபின்லாந்தில் காட்டு வேலைக்காரர்களைப் பார்த்து ஒரு ஆய்வு செய்தார்கள். 1972ல் அவர்களில் 40 சதவீதம் பேருக்கு மிஷின் அதிர்வால் விரல் வெளுத்து மரத்துப்போகும் நோய் இருந்தது. 1990ல் அது 5 சதவீதம். அதே காடுதான். அதிர்வு குறைந்த மிஷின் வந்தது. அனுபவம் காப்பாற்றவில்லை, ரப்பரும் ஸ்பிரிங்கும் காப்பாற்றின.

நியாயமாக அவர்கள் பக்கமும் சொல்லவேண்டும். டன் கணக்கில்தான் கூலி. பிரேக் விழுந்து நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவர்கள் பாக்கெட்டில் இருந்து போகிறது. செயினைச் சிக்க வைத்து நிறுத்துகிற நார் வைத்த பாதுகாப்பு கால்சட்டையை சித்திரை வெயிலில் போடச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. முன்பக்கம் மட்டும் கட்டுகிற மாதிரி இருக்கிறது, அதையாவது கட்டலாம். லுங்கியும் வெறுங்காலும் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஹேண்ட் கார்டுக்கு வெயில் கிடையாது. அதனால் நான் கேட்பது மரத்துச் சொந்தக்காரர்களையும் மர வியாபாரிகளையும்தான். நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். ஆள் வந்து இறங்கியதும் மிஷினைப் பாருங்க. முன்னால் தகடு இல்லையா? "அண்ணே, மாட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புங்க. அன்றைய கூலியைப் பிடிக்காமல் அனுப்பினால் மாட்டிக்கொண்டு வருவார். நாளைக்கு உங்க தோப்பில் ஒரு உயிர் போனால் அந்தக் குடும்பம் உங்க வாசலில்தான் வந்து நிற்கும்.

அண்ணன் மூணாவது வாரம் கட்டு பிரிக்க வந்தார். கை தோள் உயரம் தூக்க இன்னும் முடியவில்லை, பிசியோ போய்க்கொண்டிருக்கிறது. மிஷின் சும்மா கிடக்கிறதா என்று கேட்டேன். "இல்ல சார், மச்சான் ஓட்டுறான்."

"கார்டு மாட்டியாச்சா?"

கூட வந்திருந்த அவர் மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். "இந்த வாரம் மாட்டிடுவோம் சார்" என்றார் அண்ணன்.

நாளைக்கு அடுத்த ரிவ்யூ. மச்சானையும் மிஷினோடு கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.