கொல்லாத ஆயுதமா?

"உயிரைக் கொல்லாத ஆயுதம்" என்றொரு சரக்கு உலகச் சந்தையிலே இன்று கூவி விற்கப்படுகின்றது. கண்ணீர்ப்புகை, நீர்த்தாரை, றப்பர் குண்டு, மின்னதிர்ச்சித் துப்பாக்கி என்பன அதன் வகைகள். துப்பாக்கிச் சூட்டிலும் இவை மேலல்லவா என்று கேட்பார் உளர். மேல்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால், பெயரை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

வட அயர்லாந்தில் 1970 முதல் பிரித்தானியப் படையினர் கையாண்ட றப்பர், பிளாஸ்ரிக் குண்டுகளால் மாண்டோர் 17 பேர். அவர்களிற் பலர் சிறுவர்.

அயர்லாந்து வரை போவானேன்? 1974 ஜனவரி 10ஆம் நாளை யாழ்ப்பாணம் மறக்குமா? நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சி. வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே தமிழ் கேட்கத் திரண்டிருந்த மக்கள்மீது பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர், தடியால் அடித்தனர், வானை நோக்கிச் சுட்டனர். அறுந்து வீழ்ந்த மின்கம்பி உயிர்களைக் குடித்தது. எவரையும் குறிபார்த்துச் சுடவில்லை என்ற சமாதானம் மாண்டவர்க்கு உயிர் தருமா?

2023 ஜனவரி 15இல், பொங்கல் விழாவுக்கு ஜனாதிபதி வந்த வேளை, நல்லூரில் ஆர்ப்பாட்டக்காரர்மீது நீர்த்தாரை பாய்ந்தது. நல்லூருக்கும் மருதனார்மடத்துக்கும் நெடுந்தொலைவில்லை.

மருதனார்மடச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரர் கிருமிநாசினி வாங்கும்போது போத்தலைத் திருப்பிப் பார்க்கின்றார். என்ன நஞ்சு, எவ்வளவு கலப்பது, என்று காலாவதியாகும், கண்ணிற் பட்டால் யாது செய்வது என்பன அதில் எழுதப்பட்டுள்ளன. மிளகாய்ச் செடிக்கு அடிக்கும் மருந்துக்கே இத்துணைக் கட்டுப்பாடு! மனிதரின் முகத்தில் அடிக்கும் புகைக்கு? 2022 போராட்டங்களிற் காலாவதியான கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்ததே!

இன்னுமொரு விந்தை: 1993ஆம் ஆண்டின் இரசாயன ஆயுத உடன்படிக்கை, கண்ணீர்ப்புகையைப் போர்முறையாகக் கையாளுவதைத் தடைசெய்கின்றது, உள்நாட்டிற் சட்டம் ஒழுங்கைக் காக்க அனுமதிக்கின்றது. போர்க்களத்திற் பகைவன்மீது வீசத் தகாதது, தெருவிலே சொந்தக் குடிமகன்மீது வீசத் தகுமாம்!

நாம் கேட்பது பெரிதன்று. எப்போது, எவ்வளவு தூரத்திலிருந்து, எவருடைய கட்டளையின்மேல் இவற்றைப் பயன்படுத்தலாம் என்ற விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்படல் வேண்டும். வீசிய ஒவ்வொரு குண்டுக்கும் கணக்கு வேண்டும். காயமோ மரணமோ நேர்ந்தால், பொலிசாரைப் பொலிசாரே விசாரியாது, சுதந்திரமான விசாரணை நடைபெறல் வேண்டும்.

சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, கமக்காரப் பெருமக்களே! இக்கோரிக்கையை உங்கள் சங்கங்களிலே தீர்மானமாக்குங்கள். பாராளுமன்ற உறுப்பினரிடம் கையளியுங்கள். கொல்லாத தன்மை ஆயுதத்தில் இல்லை. அதை ஏந்தும் கையிலும், அக்கையைக் கட்டும் சட்டத்திலுமே உண்டு.