அம்மாவின் பெயரால் ஒரு கிண்ணம் குழம்பு



நவம்பர் பிறந்துவிட்டால் பங்குக் குருவின் மேசைமீது சீட்டுகள் குவியத் தொடங்கும். காலஞ்சென்ற தாயாருக்கு ஒரு பூசை, ஆண்டு நினைவுக்கு ஒரு பூசை, கல்லறை மந்திரிப்பு என்று நீளும் அந்தச் சீட்டுகளை மனமுவந்தே ஏற்றுக்கொள்ளுகிறோம். புனித மோனிக்கம்மாள் மரணத் தறுவாயில், தம் உடலை எங்கே அடக்கம் செய்தாலும் சரி, ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்று மகன் அகுஸ்தீனாரிடம் கேட்டுக்கொண்டதை நாம் அறிவோம். ஆகவே மரித்தோர் நினைவைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. சென்ற ஆண்டு அப்படியொரு சீட்டோடு வந்த அன்பர் ஒருவரைப் பற்றி எழுதத் தோன்றுகிறது, அவ்வளவே.

அவர் நல்லூரில் பிறந்து வளர்ந்து, விருத்தாசலத்தில் சிறிய அளவில் பீங்கான் பொம்மைத் தொழில் நடத்துகிறவர். தாயார் இறந்து ஓராண்டு நிறைவு பெறவிருந்தது. பாட்டுப்பூசை, நானூறு பேருக்குச் சாப்பாடு, பேருந்து நிறுத்தத்தில் படத்தோடு பெரிய பதாகை, ஆலயத்துக்கு அம்மாவின் பெயர் எழுதிய இரண்டு மின்விசிறிகள் என்று திட்டம் முழுவதும் ஆயத்தமாயிருந்தது. (நம் ஆலயத்து விசிறிகளில் பெயர் எழுதாத இறக்கை ஒன்றுகூட இல்லை. விசிறி சுற்றும்போது பெயரை வாசிக்க முடிவதில்லை; நின்றுவிட்டாலோ வியர்வையில் நனையும் மக்கள் வாசிக்கும் மனநிலையில் இருப்பதில்லை.)

கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோருக்குச் சேரவேண்டியதை நிறுத்திவிடும் 'கொர்பான்' வழக்கத்தை ஆண்டவர் கண்டித்தது நம் நினைவுக்கு வந்தது. ஆயினும் அதை இவர்மீது வீசுவது அநீதியாகும். தாயார் உயிரோடிருந்த காலத்தில் அவரைக் குறைவின்றிப் பேணியவர் இவர். ஆகவே கண்டிப்பை விட்டுக் கேள்வி ஒன்றை மட்டும் கேட்டோம்.

"உம்முடைய அம்மா அன்றாடம் யாருக்கு என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

சற்று நேரம் யோசித்தார். "பெரிதாக ஒன்றுமில்லை சாமி. பொழுது சாய்ந்தால் ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்து எதிர்வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்தனுப்புவாங்க. அவருக்கு யாருமில்லை."

"அந்தத் தாத்தா இப்போது எங்கே?"

"அங்கேயேதான் இருக்கிறார்."

"இந்த ஓராண்டாக அவருக்குக் குழம்பு?"

அவர் பதில் சொல்லவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவருடைய மனத்தைப் புண்படுத்திவிட்டோமோ என்று அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

உறக்கம் வராமற்போனதற்கு மற்றுமொரு காரணம் உண்டு. அதைச் சொல்லச் சற்று வெட்கமாயிருக்கிறது. நம் அன்னையார் கடைசி நான்கு ஆண்டுகளைச் சொந்த ஊரில் தனியாகவே கழித்தார்கள். மாதம் ஒருமுறை போய்வருவோம். ஒரு கையில் கட்டளைச் செபப் புத்தகம், மறு கையில் கைபேசி. அம்மா எதையாவது சொல்லத் தொடங்கினால் அன்பியக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவோம். அடக்கத்தன்று அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் நம்மைவிட அதிகமாக அழுதார். அவர் நம் மதத்தைச் சேர்ந்தவரல்லர். நாள்தோறும் வீட்டில் விளக்கேற்றிவிட்டு வந்து, அம்மாவோடு திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். நான்கு ஆண்டுகளில் அவருடைய பெயரைக்கூட நாம் கேட்டு வைத்திருக்கவில்லை. நம் தாயாருக்காக எத்தனையோ பூசைகள் வைத்துவிட்டோம். அந்த அரைமணி நேரத்துக்கு ஈடாக நாம் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம்?

மறைந்த தாயின் நினைவைப் போற்றிய மகள் ஒருத்தியை உலகமே அறியும். மே மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை நம் பிள்ளைகள் 'அன்னையர் தினம்' என்று கொண்டாடுகிறார்கள் அல்லவா? அதைத் தொடங்கியவர் அமெரிக்காவின் அன்னா ஜார்விஸ் என்னும் பெண்மணி. அவருடைய தாயார் 1905-ஆம் ஆண்டு மே மாதம் இறந்தார். 1908-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், தாயார் மறைக்கல்வி கற்பித்து வந்த கிராஃப்டன் ஊர்க் கோவிலில் நினைவு வழிபாடு நடந்தபோது, அம்மாவுக்குப் பிடித்தமான வெள்ளைக் கார்னேஷன் மலர்கள் ஐந்நூற்றை மகள் அனுப்பி வைத்தார். 1914-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் வில்சன் அதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தார்.

சற்றுக் கவனியுங்கள். அந்தத் தாயார் வாழ்நாளில் செய்த வேலை என்ன? மலைநாட்டுச் சிற்றூர்களில் பெண்களைக் கூட்டிச் சங்கங்கள் அமைத்தார். நோயாளியுள்ள வீடுகளுக்குச் சென்று உதவினார். மருந்து வாங்கப் பணம் திரட்டினார். உள்நாட்டுப் போர் மூண்டபோது இரு தரப்பு வீரர்களையும் ஒன்றுபோலப் பேணச் செய்தார். பிறர் வீட்டுக்குப் போவதே அவருடைய தொழில் எனலாம். உலகமோ மலரை மட்டும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டது. பூ வியாபாரிகளும் வாழ்த்து அட்டை வியாபாரிகளும் அந்த நாளைக் கைப்பற்றிக்கொண்டதைக் கண்டு மகள் கொதித்தார். எதிர்த்துப் போராடிக் கைப்பொருளையும் இழந்தார். திருமணமாகாதவர், பிள்ளையில்லாதவர், இறுதியில் பார்வையும் போயிற்று. 1948-ஆம் ஆண்டு, இதே நவம்பர் மாதத்தில், மருத்துவ விடுதி ஒன்றில் காலமானார். கோடிக்கணக்கான அன்னையருக்கு ஒரு நாளைத் தந்தவருக்குத் தம் வீட்டில் கண்மூடக் கொடுத்துவைக்கவில்லை.

நம் பொம்மைத் தொழில் அன்பருக்கு வருவோம். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். எதிர்வீட்டுக்குக் குழம்போடு போனாராம். "உங்கம்மா செத்த அன்றைக்கே கிண்ணமும் செத்துப்போச்சென்று நினைத்தேன்" என்று தாத்தா சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. அதற்காக எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று வீட்டில் வாக்குவாதம் நடந்து, நானூறு பேர் நூற்றைம்பதாகக் குறைந்தனர். பதாகை வைக்கப்பட்டது. விசிறிகள் வரவில்லை. கிண்ணம் மட்டும் மாலைதோறும் தெருவைக் கடக்கிறது; இப்போது எடுத்துப் போகிறவள் பேத்தி.

இதைக் கேள்வியுற்று வேறு சில குடும்பத்தாரும் தங்கள் தாயாரின் பெயரால் ஆளுக்கொரு வீட்டை ஏற்றுக்கொண்டனர். தொடக்கத்திலேயே ஒரு தவறு நேர்ந்தது. இளைஞர் ஒருவர் முதியவருக்குப் போர்வை போர்த்திப் படமெடுத்துக் கைபேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். பெரியவர் போர்வையைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரியே. அன்றிலிருந்து படமெடுப்பதில்லை என்று விதி வைத்தோம். நின்றுகொண்டே கொடுத்துவிட்டு வருவதில்லை என்பது இரண்டாவது விதி, உட்கார வேண்டும். இது முதலில் நமக்கே பொருந்தும். முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுபோகும்போது நாமும் நின்றபடியே செபித்துத் திரும்புகிறவராகத்தானே இருந்தோம்!

நல்லூர்ப் பக்கத்தில் ஓர் ஆயா இருக்கிறார். ஒரே மகன் முன்னமே இறந்துவிட்டான். இளமையில் பொம்மைப் பட்டறையில் வேலை செய்தவர். பீங்கான் மண் கூழை அச்சில் ஊற்றி எடுத்தால் பொம்மையின் இரு பக்கமும் அச்சு சேர்ந்த கோடு நிற்கும். சூளையில் வைக்குமுன் அந்தக் கோட்டைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். எத்தனையோ மாதா சுரூபங்களின் கோட்டை அழித்த கைகள் அவை. முதியோர் உதவித்தொகை வாங்கப் போனால் இப்போது கைரேகைக் கருவி அவருடைய விரலை ஏற்க மறுக்கிறது. "ரேகையை மண்ணு தின்னுடுச்சு சாமி" என்று சிரிக்கிறார். 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகைக்காக மூன்று முறை வெயிலில் நடந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். கூடப்போய், பொறுமையாகப் பேசி, வேறு வழியில் அடையாளம் காட்டிப் பெற்றுத் தர ஒருவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டோம். ஊசியில் நூல் கோத்துத் தரவேண்டும், கால் நகம் வெட்டிவிட வேண்டும் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. சும்மா வாங்கிக்கொள்ளவும் அவருக்கு மனமில்லை. போகிறவர் கையில் ஒரு பிடி முருங்கைக்கீரையாவது கொடுத்துத்தான் அனுப்புவார். அதை மறுக்காதீர்கள்.

விருத்தாசலம் என்றால் முதிய மலை என்று பொருள், பழந்தமிழில் முதுகுன்றம். அங்குள்ள சிவாலயத்து அம்மனைப் பற்றி இந்துச் சகோதரர் சொல்லும் கதை ஒன்று உண்டு. குரு நமசிவாயர் என்பவர் பசியோடு வந்து, பெரியநாயகியைக் கிழவியென்று அழைத்துச் சோறு கேட்டுப் பாடினாராம். கிழவியென்று சொல்லிவிட்டுச் சோறும் நீரும் சுமந்துவரச் சொன்னால் எப்படி என்று அம்மன் கேட்டாளாம். பின்னர் இளையவளாகப் பாடவே, இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாளாம். அதே பெரியநாயகி என்னும் பெயரைத்தான் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், அருகிலுள்ள கோணான்குப்பத்தில் தேவ அன்னைக்குச் சூட்டினார். திருவிழாவுக்குக் கோணான்குப்பம் போகாத குடும்பம் நம் பக்கத்தில் உண்டா? போகிற வழியில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் கிழவி, கதையில் வரும் அதே கேள்வியைத்தான் கேட்காமல் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

சிலுவையடியில் ஆண்டவர் தம் தாயை ஒப்படைத்தது அவர் பெறாத பிள்ளையிடமே. காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டு, ஜூலை நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தியதும், அந்த முதல் நாளில் தனித்திருக்கும் முதியோரைச் சந்திப்போருக்கும் பரிபூரண பலன் அளிக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஜூலை வரை காத்திருக்கத் தேவையில்லை.

உபதேசியாரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இடப்பக்கம் முதியவர் வீடு. வலப்பக்கம் போய்வருகிறவரின் காலஞ்சென்ற தாயாருடைய பெயர். மூன்று வீடுகளுக்கு எதிரே வலப்பக்கம் இன்னும் வெறுமையாக உள்ளது. அவற்றுள் ஒன்றில் நம் அன்னையார் பெயரைச் சென்ற வாரம் நாமே எழுதிவிட்டோம். மற்ற இரண்டும் ஆற்றங்கரைப் பக்கம். போவதற்குச் சைக்கிள் இருந்தால் நல்லது.