கை தூக்குனது எத்தனை பேர், தம்பி?

மே மாசம் குற்றாலத்துல தண்ணி கிடையாது. கடையநல்லூர்ல பொறந்த பச்சப்பிள்ளைக்குக்கூடத் தெரிஞ்ச விஷயம் இது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுல இறங்கி, மலை தாண்டி இந்தப் பக்கம் சாரல் விழுறதுக்கு ஜூன் ஆயிரும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்துரும். லீவு இருக்கும்போது அருவி இல்ல, அருவி இருக்கும்போது லீவு இல்ல. சரி, யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. ஆனா எங்க கேம்ப் நோட்டீஸைப் பாக்கணுமே! வருஷா வருஷம் அதே பேரருவி போட்டோ. வெள்ளை வெளேர்னு தண்ணி கொட்டுது. அதுக்கு மேல கொட்டை எழுத்துல 'வாலிபர் கோடை முகாம், குற்றாலம்'. நோட்டீஸ் அடிக்கிறது நான் இல்ல. ஆனா தோள்ல துண்டும் கையில எண்ணெய்ப் பாட்டிலுமா வேன்ல இருந்து குதிக்கிற பையனுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.

"அண்ணே, எப்பம் குளிக்கப் போறோம்?"

அங்க காஞ்ச பாறையில குரங்கு உக்காந்து பேன் பாத்துக்கிட்டு இருக்கு. இதை நான் எப்படிச் சொல்ல?

நான் யூத் பாஸ்டர். அப்படின்னா என்னன்னு கேக்குறீங்களா? பெரிய பாஸ்டருக்குப் பிரசங்கம், உபதேசியாருக்கு ஜெபம், எனக்கு வேன். வேன் பேசணும், சமையலுக்கு ஆள் பிடிக்கணும், ஜமுக்காளம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கணும், கரண்ட் போனா ஜெனரேட்டருக்கு டீசல், பாத்ரூம் அடைச்சா குச்சி. எபிரெயுவும் கிரேக்கும் கத்துக்கிட்டு வந்தவன்தான் நானும். போன மாசம் அந்தப் படிப்பு உதவினது, கமிட்டி அண்ணாச்சி ஒருத்தர் பேரனுக்குப் பேர் தேடினப்போ.

கமிட்டின்னதும் ஞாபகம் வருது. கேம்ப்புக்கு முன்னாடி ஒரு மீட்டிங் நடக்கும். சாயங்காலம் முழுக்க ஒரே விஷயம். டீ-ஷர்ட்! நீலமா, மெரூனா? காலர் வச்சதா, ரவுண்ட் நெக்கா? முதுகுல வசனமா, ஸ்பான்சர் பேரா? கடைசியில சமாதானமாப் போயிருவாங்க. வசனம் நெஞ்சுப் பக்கம், பாக்கெட் அளவுக்கு. ஸ்பான்சர் பேர் முதுகு பூரா, செல் நம்பரோட. எல்லாரும் எந்திரிச்சு செருப்புப் போடுற நேரத்துல நான் கேப்பேன், "அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போறோம்?" "அது நீங்க ஜெபிச்சு ஒரு டாபிக் எடுத்துக்கிடுங்க தம்பி." முடிஞ்சது மீட்டிங்.

இத்தனைக்கும் இந்தக் கேம்ப், விபிஎஸ்ங்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி எல்லாம் எப்படி ஆரம்பிச்சதுன்னு பாத்தா சிரிப்பு வரும். 1868ல வேல்ஸ் நாட்டுல லாண்டுட்னோன்னு ஒரு கடற்கரை. ஜோசையா ஸ்பியர்ஸ்னு ஒருத்தர் மணல்ல ஒரு வசனத்தை எழுதிட்டு, விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்த எழுத்தைச் சிப்பி, கல்லெல்லாம் வச்சு அலங்காரம் பண்ணச் சொல்லியிருக்கார். பிள்ளைகள் மத்தியில ஊழியம் செய்யுற ஸ்கிரிப்சர் யூனியன்காரங்க கதை அங்கேருந்து வளருது. பட்ஜெட்? மணல். விபிஎஸ் கதை இன்னும் மோசம். 1898ல நியூயார்க்ல ஹாஸ்னு ஒரு அம்மா, லீவுல தெருவுல சுத்துற பிள்ளைகளை உக்கார வைக்க வேற இடம் கிடைக்காம, ஒரு பீர்க்கடை ஹாலை வாடகைக்குப் பிடிச்சு வேதாகமப் பள்ளி நடத்தியிருக்காங்க. இதை எங்க கமிட்டியில வாய் தவறிச் சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எங்க நிப்பேன்னு யோசிச்சுக்கிடுங்க.

அடுத்தது சிறப்புச் செய்தியாளர். உள்ளூர்ல பேசத் தெரிஞ்சவங்களே இல்லையான்னு கேக்கக்கூடாது. மெட்ராஸ்ல இருந்து வந்தாத்தான் செய்தி. போன்ல முதல் கேள்வியே, "பிரதர், ரூம் ஏசிதானே? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும்ல?" பொதிகை எக்ஸ்பிரஸ்ல செகண்ட் ஏசி டிக்கெட் போட்டு, விடியக்காலம் ஸ்டேஷன்ல கார் நிறுத்தி, பத்திரமாக் கூட்டிட்டு வருவோம். வந்து என்ன பேசுவார்? சிலுவை சுமக்கிறதைப் பத்தி. நல்லாத்தான் பேசுவார், சும்மா சொல்லக்கூடாது. எனக்கே கண்ணு கலங்கிரும். அன்னைக்கு மத்தியானம்தான் பொருளாளர், சமையல் அக்காகிட்ட ஐந்நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசியிருப்பார். செய்தியாளர் கவர்ல எவ்வளவு வைக்கணும்னு பேரம் கிடையாது. அது காணிக்கை, அதுல கை வைக்கக்கூடாது!

கடைசி நாள் ராத்திரி கேம்ப் ஃபயர். லைட்டை அணைச்சிருவாங்க. கீபோர்டு தம்பி மெதுவா ஒரு கார்டைப் பிடிச்சுக்கிட்டே இருப்பான். "எல்லாரும் கண்ணை மூடுங்க. யாரும் யாரையும் பாக்காதீங்க. அர்ப்பணிக்கிறவங்க மட்டும் கையைத் தூக்குங்க." யாரும் யாரையும் பாக்கக்கூடாது, சரி. பின்னாடி ஒருத்தர் மட்டும் பாத்துக்கிட்டு இருப்பார், நோட்டும் பேனாவுமா. எண்ணணும்ல? ரிப்போர்ட்டுக்கு நம்பர் வேணும். ஆமென் சொல்லி முடிக்கல, என் காதுக்கிட்ட வந்து கேப்பாங்க, "கை தூக்குனது எத்தனை பேர், தம்பி?"

ஒரு பையனைப் பத்திச் சொல்லுதேன். அப்பா கொத்தனார். எட்டாம் வகுப்பு லீவுல வந்தான், கை தூக்கினான். ஒன்பதாம் வகுப்பு லீவுல வந்தான், தூக்கினான். பத்தாம் வகுப்பு முடிச்சுட்டு வந்தான், அழுதுக்கிட்டே தூக்கினான். பொய் இல்ல, நான் பக்கத்துல இருந்தேன். எங்க ரிப்போர்ட்படி அவன் மூணு ஆத்துமா. மூணு வருஷமும் அவனைப் புதுசா எண்ணியிருக்காங்க. ஜூன்ல பிளஸ் ஒன் சேரல. விசாரிச்சா, சாரத்துல இருந்து விழுந்து அப்பாவுக்குக் கால் போச்சு, பையன் புனலூர்ல ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போயிட்டான். அப்போ கேம்ப் கணக்குல பணம் மிச்சம் இருந்தது. அந்த வீட்டுக்கு மூணு மாச அரிசி, பலசரக்குக்குக் கொடுத்தா பையன் திரும்பி வருவான்னு கேட்டேன். "அது கேம்ப் ஃபண்டு தம்பி. வேற தலைப்புல எடுக்க முடியாது. ஆடிட் இருக்கு." நியாயம்தான், ஆடிட்னு ஒண்ணு இருக்கே. மிச்சப் பணத்துல ஸ்பான்சர்களுக்கு நினைவுப் பரிசு வாங்கினாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள தங்கக் கலர் சிலுவை. அது கேம்ப் தலைப்புல வந்துருமாம்.

இதுல இன்னொரு கூத்து. அருவிக்கு ஏன் கூட்டிட்டுப் போகலைன்னு வருஷா வருஷம் பெத்தவங்க என்னைத்தான் பிடிப்பாங்க. "குத்தாலத்துக்குப் போயிட்டுக் குழாய்த் தண்ணியில குளிச்சுட்டு வந்திருக்கான் எம் பிள்ளை." 2024 மே 17 ஞாபகம் இருக்கா? மேல மலையில கோடை மழை கொட்டி, பழைய குற்றாலத்துல திடீர்னு காட்டாத்து வெள்ளம். பதினேழு வயசுப் பையனை அடிச்சுட்டுப் போயி, அவன் பொணமாத்தான் கிடைச்சான். படிக்கட்டுல தண்ணி பாயுற அந்த வீடியோ நம்ம எல்லார் போன்லயும் வந்தது. அதுக்கப்புறம் அதே பெத்தவங்க, "குத்தாலத்துல எதுக்கு கேம்ப் வைக்கிறீக?" அவங்க பயம் நியாயம். நான் அவங்களைக் குத்தம் சொல்லல.

என் வயித்தெரிச்சல் வேற. அடுத்த மீட்டிங்ல ஒரு பேப்பர் எழுதிட்டுப் போனேன். பெத்தவங்க கையெழுத்தோட ஒரு ரெஜிஸ்டர், முதலுதவிப் பெட்டி, ராத்திரி முழிச்சிருக்க முறை போட்டு ஆள், பொம்பளப் பிள்ளைகள் ஹாலுக்குப் பொறுப்பா ரெண்டு டீச்சரம்மா, எந்தப் பெரிய ஆளும் ஒரு பிள்ளையோட தனியா ரூம்ல இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி. பிள்ளைகளைப் பாதுகாக்கிற போக்சோ சட்டம் வந்தது 2012ல. பள்ளிக்கூடங்கள்ல எல்லாம் இதைப் பேசுறாங்க, நாம பேச வேண்டாமா? பேப்பரை ஒரு சுத்து விட்டாங்க. யாரும் முழுசா வாசிக்கல. "நம்ம சபையில இதெல்லாம் என்னத்துக்கு தம்பி? ஆண்டவர் பாத்துக்கிடுவார்."

டீ-ஷர்ட் சைஸை மட்டும் ஆண்டவர் பாத்துக்க மாட்டாரா? அதுக்கு மட்டும் எஸ், எம், எல், எக்ஸெல்னு லிஸ்ட் எடுக்கணும், ரெண்டு தடவை சரிபாக்கணும், என்ன?

பழம்பெருமை பேசுறதுல மட்டும் குறைச்சல் இல்ல. "எங்க பூட்டன் ரேனியஸ் ஐயர் காலத்துலயே வேதத்துக்கு வந்தவர்" அப்படின்னு ஒரு அண்ணாச்சி எல்லா மீட்டிங்லயும் ஆரம்பிப்பார். சந்தோஷம். அந்த மிஷனெரி ரேனியஸ் 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தவர். ஊர் ஊராப் பள்ளிக்கூடம் திறந்தார், தமிழ்ல புஸ்தகம் எழுதினார், 1838ல பாளையங்கோட்டையிலயே மண்ணுக்குள்ள போனார். மூணு நாள் பாட்டுப் பாடிட்டு வேன் ஏறிப் போகல. அப்புறம் 1903. வெள்ளைக்காரன் காசு வேண்டாம், நம்ம காசுல நம்ம ஆளே போகட்டும்னு அசரியான்னு நம்ம ஆள் ஒருத்தர் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினது நம்ம திருநெல்வேலியிலதான். இதெல்லாம் நூற்றாண்டு விழா மலர்ல போடுறதுக்குன்னே நடந்ததுன்னு நினைக்கிறாங்க போல.

என் சொந்தக் கதையை நீட்ட விரும்பல. பொண்ணு பாக்கப் போன இடத்துல நடந்ததை மட்டும் சொல்லிருதேன். "தம்பி என்ன பண்ணுதீக?" "ஊழியம்." "அது சரி... வேலை?" கேட்டவர் விசுவாசிதான், தசமபாகம் கரெக்டாக் கொடுக்கிறவர். என் சம்பளத்தைக் கேட்டதும் அவர் முகத்துல வந்த இரக்கம் இருக்கே, அதை எந்தக் கேம்ப் ஃபயர்லயும் நான் பாத்தது இல்ல.

கேம்ப்புக்கு அண்டா, கரண்டி எல்லாம் எங்க ஊர்ல ஒரு பாய் கடையில எடுப்போம். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்க ஒரு நாள் பிந்திட்டு. வாடகை கூடப் போடுங்கன்னேன். "பிள்ளையளுக்குச் சோறு போட்ட பாத்திரம், போங்க"ன்னுட்டார். காணாமப் போன கரண்டிக்கு என்கிட்ட விளக்கம் கேட்டது எங்க பொருளாளர்தான். பாய் வேற ஒண்ணு கேட்டார். "போன வருஷம் உங்க கூட அண்டா தூக்க ஒரு ஒல்லிப் பையன் வந்தானே, எங்க அவன்?" அந்தப் பையனைப் பத்தி இதுவரைக்கும் என்கிட்ட விசாரிச்ச ஒரே ஆள் அவர்தான்.

போன வாரம் அடுத்த வருஷக் கேம்ப்புக்கு முதல் மீட்டிங். கலர் முடிவாயிட்டு, பச்சை. புதுசா ஒரு யோசனையும் வந்திருக்கு. ட்ரோன் கேமரா! மேலேருந்து எடுத்தா கூட்டம் நல்லாத் தெரியும், எண்ணுறதுக்கும் லேசாம். வாடகை எவ்வளவு ஆகும், யார் கொடுப்பாங்கன்னு கேட்டேன்.

"மிச்சம் கிடக்குல்லா தம்பி, கேம்ப் ஃபண்டு. ட்ரோனுக்குன்னா ஆடிட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."