மாட்டுக்கறியைக் கடினமாக்கியது யார்?

கோவையில் நான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியேறி வந்து கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, கறி வேக இத்தன விசிலா?" ஆட்டுக்கறி நாலைந்து விசிலில் வெந்துவிடும். எங்கள் குக்கர் பத்தைத் தாண்டியும் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மகனுக்கு வீடு வேண்டுமாம்.

சாதியைக் கேட்க வேண்டியதில்லை, விசிலை எண்ணினால் போதும் என்று அன்று புரிந்தது. உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் என்பதால் இன்னொரு கேள்வியும் எழுந்தது. மாட்டுக்கறி இயல்பிலேயே கடினமானதா?

இல்லை. தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் இழைகளுக்கு இடையே வயது ஏற ஏறப் பிணைப்புகள் இறுகுகின்றன. இளம் மாட்டில் சூட்டுக்கு எளிதில் கரைகிற கொலாஜன், கிழட்டு மாட்டில் முரண்டு பிடிக்கும். அமெரிக்காவில் உயர்தரக் கறி பெரும்பாலும் 30 மாதத்துக்கு உட்பட்ட மாட்டுடையது. ஜப்பானின் வாக்யூ மாடும் ஏறத்தாழ இரண்டரை வயதில்தான் அறுக்கப்படுகிறது.

இங்கே? 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, ஊனமோ தீராத நோயோ இல்லாத மாடு என்றால் அதற்கு 10 வயது தாண்டியிருக்க வேண்டும். வேலைக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லை என்று சான்றும் வேண்டும். பசுவையும் கிடாரியையும் அறுக்கவே 1976இல் அரசாணை தடை போட்டது. மாட்டுக்குப் பல் முழுதாகச் சேர்வதே சுமார் ஐந்து வயதில். அதற்கு இரு மடங்கு காலம் உழைத்துக் களைத்த பிறகே அது உணவு.

அடுத்தது இனம். காங்கேயம் காளை ஏருக்கும் வண்டிக்கும் கவலைக்கும் என்றே தேர்ந்து வளர்க்கப்பட்டது. அறுத்தபின் தசைநாரை இளக்கும் நொதி கால்பெய்ன். திமில் உள்ள மாடுகளில் அதைத் தடுக்கும் கால்பாஸ்டாடின் அதிகம்.

மூன்றாவது, பக்குவம். 0 முதல் 4 டிகிரிக் குளிரில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் அந்த நொதியே கறியை மென்மையாக்கிவிடும். நம் கடைகளில் விடிகாலையில் அறுத்த கறி, தசை விறைத்திருக்கும்போதே அடுப்பேறுகிறது.

வயது, இனம், பக்குவம் மூன்றும் மனிதர் எடுத்த முடிவுகள். சட்டத்தின் வரிசையைப் பாருங்கள். முதலில் நிலக்காரரின் ஏர், பிறகு பால், எல்லாம் தீர்ந்த பிறகே நம் தட்டு. கொங்கில் இந்த வரிசை சட்டத்துக்கும் முந்தையது. கவலைக்குத் தோல்பறி தைத்துத் தந்த அருந்ததியருக்கு வந்து சேர்ந்தது பண்ணையில் செத்த மாடு. தூக்கிப் போகச் சொன்னவர்களே, தின்றதற்காக இழிவு என்றார்கள். தீண்டாமையின் வேரை இந்த இடத்தில்தான் அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலில் தேடினார்.

உழவு மாட்டைக் காக்கத்தானே சட்டம் என்பார்கள். இன்று கிணற்றில் மோட்டார், காட்டில் டிராக்டர், தொழுவத்தில் ஜெர்சி கலப்பினம். அது ஈனும் காளைக்கன்றுக்கு 10 வருடம் தீனி போடுகிற விவசாயி யார்? விற்கத்தான் செய்கிறார். பொள்ளாச்சி சந்தை வழியாக மாடுகள் கேரளம் போவது ஊரறிந்தது. விற்றவரின் கவுரவத்துக்குக் குறைவில்லை. தின்றவருக்குத்தான் வீடு இல்லை.

என் அம்மா இந்த வேதியியலைப் படித்ததில்லை. கறியில் பப்பாளிக்காய் போடுவார்; அதிலுள்ள பப்பெய்ன் தசைப் புரதத்தை உடைக்கும். நெடுநேரம் வேகவைப்பார், கொலாஜன் ஜெலட்டினாக இளகும். பிறகு சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச்சில்லு. பள்ளிபாளையம் கோழிக்குப் போடும் அதே கூட்டுதான். ஒதுக்கித் தள்ளியதை ருசியாக்கிய அறிவு அது.

அந்த அறிவைக் கொண்டாடுவோம், ஆனால் அதோடு நிற்க வேண்டாம். 10 வயது விதி நீங்க வேண்டும். உள்ளாட்சிகளின் அறுப்புக்கூடங்களில் மாட்டுக்கறிக்கும் குளிர்பதன அறையும் கால்நடை மருத்துவரின் சோதனையும் வேண்டும். நல்ல கறி கேட்பதும் உரிமைக் குரல்தான். அதுவரை, தோழர்களே, விசில் எத்தனை அடித்தாலும் ஜன்னலைச் சாத்தாதீர்கள்.